பக்கத்தில் ஒருவர்

கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று தனி இடம் கிடையாது. எறவானத்தில் செருகியிருக்கும், கட்டிலுக்கு அடியில் கிடக்கும், மாட்டுக் கொட்டகை மூலையில் நிற்கும். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பு, தற்கொலைத் தடுப்புக்காக இந்த வட்டாரத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தது. இரண்டு கிராமங்களில், ஒவ்வொன்றிலும் பொதுவாக ஒரு சிறு கட்டடம். அதற்குள் பேங்க் லாக்கர் போல ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. மருந்தை அங்கேதான் வைக்க வேண்டும், வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கட்டடம் இல்லாத வேறு இரண்டு கிராமங்களையும் எடுத்துக்கொண்டார்கள். முடிவு 2013இல் வெளியானது. பெட்டி வைத்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்திருந்தன.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் நான் அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உயிரை விடத் தூண்டும் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த தூரமே சிலரைக் காப்பாற்றியிருக்கலாம். இன்னொன்றும் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெட்டியை வாங்க எந்த விவசாயியும் ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளை கைக்கு எட்டாமல் மருந்தைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஆண்களிடம் உதவியைக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வேலையோடு வேலையாக வரும் உதவியை எங்கள் பக்கத்து ஆண்கள் தட்டுவதில்லை.

2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நூறு பேரில் ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர்கள். இந்த எண்களைப் படிக்கிறபோது எனக்கு நகரத்து அலுவலகங்கள் நினைவுக்கு வருவதில்லை. சேத்தியாத்தோப்புச் சாலையில் விடியற்காலை சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறவர்கள்தான் வருகிறார்கள்.

கடலூர்க் கடற்கரையில் ஆண்களின் இந்தத் துயரத்துக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்களில் பலர் கடலில் இருந்தார்கள். மீன் வாங்கப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். ஆழக்கடலில் படகுக்கு அடியில் அலை போனதே பலருக்குத் தெரியவில்லை. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் 391 பேர் பெண்கள், 146 பேர் ஆண்கள் என்று ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் அடுத்த மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்லியது. அதாவது, படகைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்து, மனைவியையும் பிள்ளையையும் தேடிய ஆண்கள் இந்த ஊர்களில் நிறைய. படகு கிடைத்தது, வலை கிடைத்தது, வீடு கிடைத்தது. எல்லாம் தேவைப்பட்டவைதான். மனநல ஆலோசகர்களும் வந்தார்கள், உண்மையாக உழைத்தார்கள், பிறகு முகாம்கள் முடிந்தன. சமைக்கத் தெரியாமல், மகளுக்குத் தலை பின்னத் தெரியாமல், சாயங்காலம் ஆனால் டாஸ்மாக் பக்கம் போய்விட்ட மனிதரை ஊர் ‘குடிகாரன்’ என்று சொல்லி முடித்துக்கொண்டது. அவருக்கு இருந்தது துக்கம். அதற்கு வைத்தியம் உண்டென்று சொல்ல அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆண்கள் வாயே திறப்பதில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தேவனாம்பட்டினம் பக்கம் வலை பின்னும் கூடத்தில் போய் உட்கார்ந்தால் தெரியும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கண் வலையில் இருக்கும், பேச்சு பொதுவாகப் போகும். டீசல் விலை, மகனுடைய பாலிடெக்னிக் பீஸ், பைனான்ஸ்காரன் தொல்லை. நடுவில் ஒருவர், “ரெண்டு மாசமா தூக்கமே புடிக்கலடா” என்பார். யாரும் நிமிர மாட்டார்கள். கொஞ்சம் கழித்து எதிர் மூலையிலிருந்து, “எனக்கும் அப்படித்தாண்ணே இருந்துச்சு” என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், பேச்சு மறுபடி டீசலுக்குப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்து ஆண்களுக்கென்றே பட்டறைக் கொட்டகைகள் நடத்துகிறார்கள். மரவேலை செய்துகொண்டே, தோளோடு தோளாக இருந்து பேசட்டும் என்று. நமக்குக் கொட்டகை ஏற்கெனவே இருக்கிறது. “எனக்கும் அப்படித்தாண்ணே” என்றவருக்கு அடுத்த வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் பாக்கி.

அந்த அடுத்த வாக்கியம் என்ன? 14416 என்று ஒரு எண் இருக்கிறது. டெலிமானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. ‘நட்புடன் உங்களோடு’ என்று தமிழ்நாட்டில் இதற்குப் பெயர். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசலாம். எடுப்பவர் ஆலோசகர். தேவையென்றால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழி சொல்வார். நேரில் போக கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில், பலர் இன்னும் ராஜா முத்தையா என்றே சொல்லும் அண்ணாமலை நகர் மருத்துவமனை இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெரியாத இடத்துக்குப் போகத்தான் ஆண்கள் தயங்குகிறார்கள். ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், உட்கார வேண்டும். டாக்டர் தூக்கம், பசி, வேலை, கடன், குடி என்று கேட்பார். மாத்திரை எழுதினால் அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தவைப்பது ஆபத்து. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். அதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இந்த ஒரு செய்தி ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இருந்தால், பூச்சிமருந்து குடித்தவருக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்லி நேரத்தை வீணாக்கும் குடும்பங்கள் குறையும்.

புவனகிரியில் எனக்கு மாமா முறை ஆகும் ஒருவர் இருக்கிறார். நெஞ்சை அடைக்கிறது என்று மூன்று டாக்டர்களிடம் போனார். ஈசிஜி எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாவது டாக்டர்தான், “தூங்கி எவ்வளவு நாளாச்சு?” என்று கேட்டு, மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். மாமா அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார். அத்தை சொன்னாள், மகன் சொன்னான், கேட்கவில்லை. ஒருநாள் பக்கத்து வயல்காரர் வந்து, “சிதம்பரத்துல எனக்கு உரக்கடையில வேல இருக்கு. வண்டில ஏறு, அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துடலாம்” என்றார். மாமா சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன கேட்டார்கள் என்று இன்றுவரை விசாரித்ததில்லை. மாமா இப்போது தூங்குகிறார். தானாகவே மறு சீட்டுக்குப் போய்வருகிறார்.

‘போ’ என்று சொல்வதைவிட ‘வா, நானும் வரேன்’ என்பது பெரிய வைத்தியம். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் பல வீடுகளிலிருந்து ஆண்கள் வளைகுடாவுக்குப் போய்ப் பிழைக்கிறார்கள். அங்கே அவர்கள் பக்கத்தில் வண்டியில் ஏற்ற யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை போனில் “நல்லா இருக்கேன்மா” என்ற குரல் மட்டும் வரும். சாப்பாட்டையும் பணத்தையும் விசாரிக்கிற நாம் தூக்கத்தையும் சேர்த்து விசாரிக்கலாம். இந்த ஒரு கேள்விக்கு ஆண்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

அரசிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. ஓ.பி. காலையில் நடக்கிறது. காலையில் போனால் அன்றைய கூலி போச்சு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர் பகலில் வருகிறார். பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு மனம் இருந்தாலும், அந்நேரம் ஆண்கள் வீட்டில் இல்லை. ஆனால் அவர்கள் கரையிலேயே இருக்கும் காலம் ஒன்று வருடா வருடம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், கையில் காசு இருக்காது, குடியும் சண்டையும் கூடும். கடைமடையிலும் ஏறக்குறைய அதே நிலைதான். உளுந்து எடுத்துவிட்டால், ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை கிடையாது. அந்த வாரங்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மாவட்ட மனநலக் குழு மீன் ஏலக்கூடத்திலும் கூட்டுறவு கடன் சங்கத்து வாசலிலும் வந்து உட்காரட்டும். பேனர் வேண்டாம், மைக் வேண்டாம். தடைக்கால நிவாரணத்துக்கும் பயிர்க்கடனுக்கும் விண்ணப்பம் எழுதித் தர ஒரு மேசை, பிரஷர் பார்க்க ஒரு மேசை, அதற்கு அடுத்தாற்போல் மனநல ஆலோசகருக்கு இன்னொரு மேசை. உரக்கடை பில்லின் பின்புறம் 14416 என்று அச்சடிக்கட்டும்.