நான்கு போல்ட், எட்டு போல்ட்

குழாயில் ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டு, வைக்க ஒரே காரணம்தான் உண்டு: அந்த இடத்தை என்றைக்காவது கழற்ற வேண்டிவரும். வால்வு மாற்ற, பம்பை இறக்க, அடைப்பு எடுக்க. கழற்றப்போவதே இல்லையென்றால் வெல்டிங் அடித்துவிட்டுப் போகலாம். அதனால் புது லைனின் வரைபடம் கைக்கு வந்ததும் நான் முதலில் எண்ணுவது ஃபிளாஞ்ச் ஜோடிகளை. ஒவ்வொரு ஜோடியும் பின்னால் ஒழுகக்கூடிய இடம். ஆறு மீட்டர் குழாய்க்கு ஒன்று வீதம் "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்று வைக்கிற கான்ட்ராக்டர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை.

அடுத்து, எது வேண்டும் என்ற கேள்வி. கடைக்காரர் "நூத்தம்பது பவுண்டா, முந்நூறா?" என்பார். வாங்க வந்தவர் தன் லைனின் அழுத்தத்தை மனதில் வைத்து ஒன்றைச் சொல்வார். ஆனால் அந்த 150 அழுத்தத்தின் அளவே அல்ல, ஒரு வகுப்பின் பெயர். அரை அங்குலம் முதல் 24 அங்குலம் வரைக்கான ஏ.எஸ்.எம்.இ. பி16.5 அட்டவணையைப் புரட்டினால் தெரியும்: ஏ105 கார்பன் ஸ்டீலில் செய்த கிளாஸ் 150 ஃபிளாஞ்ச் 38 டிகிரி வரை 19.6 பார் தாங்கும். 200 டிகிரியில் அது 13.8 ஆகிவிடும், 300-இல் 10.2, 400-இல் வெறும் 6.5. கிளாஸ் 300-உம் சூட்டில் இறங்கத்தான் செய்யும், ஆனால் 51.1-இல் தொடங்குவதால் 300 டிகிரியிலும் அதனிடம் 39.8 பார் மிச்சமிருக்கும். சூட்டைச் சொல்லாமல் அழுத்தத்தை மட்டும் சொல்லி ஃபிளாஞ்ச் கேட்பவருக்குச் சரியான பதில் கிடைக்காது.

அட்டவணை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளில் துணி உலர்த்தும் ஸ்டென்டர் மெஷினுக்குச் சூடு கொடுப்பது பெரும்பாலும் தெர்மிக் ஃப்ளூயிட் என்ற எண்ணெய். எண்ணெய் 250 டிகிரிக்கு மேல் ஓடும், அழுத்தமோ சில பார்தான். கணக்குப்படி கிளாஸ் 150 தாராளம். ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் அங்கே கிளாஸ் 300 போடுவார்கள். இரண்டு அங்குலத்தில் 150-க்கு நான்கு போல்ட், 300-க்கு எட்டு, தட்டும் கனம். மெஷினை நிறுத்தும்போதெல்லாம் குழாய் சுருங்கும், ஓட்டினால் நீளும். அந்த இழுப்பு முழுக்க விழுவது ஃபிளாஞ்சின் மேல். பேக்கிங் கொஞ்சம் தளர்ந்தால் எண்ணெய் கசிந்து, இன்சுலேஷனாகச் சுற்றிய ராக்வுல்லுக்குள் ஊறும். அப்படி ஊறிய எண்ணெய், வெளியே ஒன்றும் தெரியாமல், உள்ளுக்குள் மெல்லச் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். இந்த லைன்களில் ஃபிளாஞ்ச் மேல் மட்டும் இன்சுலேஷன் சுற்றாமல் திறந்து விடச் சொல்வது இதனால்தான். வெப்பம் வீணாகிறது என்று எரிபொருள் கணக்கு பார்ப்பவர் முனகுவார், முனகட்டும்.

ஸ்லிப் ஆன், வெல்ட் நெக் சண்டை தனி. ஸ்லிப் ஆனைக் குழாயில் செருகி, உள்ளும் புறமும் வெல்டிங் வைத்தால் வேலை முடிந்தது; விலையும் குறைவு. வெல்ட் நெக் குழாயின் முனையோடு முனையாகச் சேரும், அந்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். தண்ணீருக்கும் காற்றுக்கும் ஸ்லிப் ஆன் போதும். சூடான எண்ணெய்க்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

பெரிய தலைவலி வெளியிலிருந்து வரும் மெஷின்கள். ஐரோப்பிய மெஷினில் பிஎன் 16 ஃபிளாஞ்ச் இருக்கும், நம் லைனில் கிளாஸ் 150. நான்கு அங்குலத்தில் இரண்டுக்கும் எட்டு ஓட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஓட்டைகளின் வட்டம் ஒன்றில் 180 மில்லிமீட்டர், மற்றதில் 190.5. உடனே யாராவது ரவுண்ட் ஃபைலை எடுத்து ஓட்டையை நீட்டத் தொடங்குவார்கள். போல்ட் உட்கார இடமில்லாமல் சாய்ந்து நிற்கும். ஒரு முனையில் பிஎன், மறுமுனையில் கிளாஸ் வைத்த குட்டித் துண்டு ஒன்றைச் செய்துவிட்டால் தீர்ந்தது. பழைய பம்புகளில் பிரிட்டிஷ் டேபிள் டி, டேபிள் இ இன்னும் உண்டு. நான்கு அங்குலத்தில் இரண்டுக்கும் வட்டம் 178 மில்லிமீட்டர்தான். டி-க்கு நான்கு ஓட்டை, இ-க்கு எட்டு. பம்பின் ஃபிளாஞ்ச் வார்ப்பிரும்பாக இருந்தால், முகத்தின் நடுப்பகுதி மேடாக உள்ள ஸ்டீல் ஃபிளாஞ்சை அதோடு சேர்க்கக் கூடாது. முறுக்க முறுக்க ஓரம் வளையப் பார்க்கும், வார்ப்பிரும்புக்கோ வளையத் தெரியாது, விரிசல் விட்டுவிடும். தட்டை முகத்துக்குத் தட்டை முகம், பேக்கிங்கும் முகம் முழுக்க.

எல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் முறுக்குவது மனிதர்தான். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தைப் பிளைண்ட் ஃபிளாஞ்ச், அதாவது நடுவில் துளையில்லாத தட்டு, வைத்து மூடியிருந்தார்கள். அது கசியாத அளவுக்கு முறுக்கப்படவில்லை. வால்வு இல்லை என்பது தெரியாமல் இரவு ஷிஃப்ட் பம்பை ஓட்ட, அங்கிருந்து வாயு கசிந்தது என்பதே விசாரணையின் முடிவு. அது வெடித்துத் தீப்பிடித்ததில் இறந்தவர்கள் 167 பேர்.

எங்கள் லைன்களில் அந்த அளவு ஆபத்து இல்லை. இருந்தாலும் போல்ட்டை எதிரெதிராக முறுக்கவும், ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றாக ஏற்றவும் பக்கத்தில் நின்று சொல்வேன். முதல்முறை சூடேற்றி ஆறவிட்ட பிறகு எல்லா ஜோடியையும் மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்வேன். "நேத்துதானே சார் டைட் பண்ணோம்" என்று ஃபிட்டர் அண்ணன் முகம் சுளிப்பார். ஸ்பேனர் போடும்போது பாதிக்கு மேல் திரும்பும்.