பனி நாட்டில் ஒரு வியர்வை அறை

எங்கள் அரியலூரில் சித்திரை பிறந்துவிட்டால் வியர்ப்பதற்குத் தனி அறை வேண்டாம். சமையலறையே போதும்! ஆனால் என் பெண் குடித்தனம் நடத்தும் பின்லாந்து நாட்டுத் தாம்பெரே நகரில், தை மாதத்துக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்கும். அங்கே வியர்ப்பது ஒரு பாக்கியம். அதற்கென்றே கட்டும் மர அறைக்கு 'சவுனா' என்று பெயர். சுமார் 55 லட்சம் ஜனங்கள் உள்ள அந்த நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் சவுனாக்கள்! 2020-இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

அடுப்பின் மேல் கற்களை அடுக்கிச் சூடாக்குகிறார்கள். அறையின் சூடு 80, 90 டிகிரி. ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் வீசினால் 'உஸ்'ஸென்று ஆவி எழும்பும். நம் வீட்டில் வேது பிடிப்பதுபோலத்தான். போர்வைக்குப் பதில் ஓர் அறை. அந்தக் காலத்தில் பிரசவம்கூட சவுனாவில்தான் நடக்குமாம். வெதுவெதுப்பும் சுத்தமும் உள்ள இடம் அதுதானே!

தாம்பெரேயில் பிஸ்பாலா என்றொரு மேடு. இரண்டு பக்கமும் பெரிய ஏரிகள். அங்கே 1906 முதல் நடக்கும் ராயபோர்த்தி பொதுச் சவுனாவுக்கு என் பெண் கூட்டிப்போனாள். விறகு அடுப்பு, பெண்களுக்குத் தனிப் பகுதி. முதலில் கூச்சமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் உடம்பு வலியும் கூச்சமும் சேர்ந்தே போயின.

மாப்பிள்ளைக்குத் தோட்டத்திலேயே ஒன்று வைக்க ஆசை. கடையில் பீப்பாய் வடிவத்தில் ஒன்றைக் காட்டி, "அத்தை, அழகா இருக்குல்ல? சீக்கிரம் சூடாகுமாம்" என்றார்.

"அழகு இருக்கட்டும் மாப்பிள்ளை. உங்க அம்மா இதுல எங்கே உட்காருவாங்க?" என்றேன்.

சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வலி. ரத்தக் கொதிப்பு மாத்திரையும் உண்டு. சூடு மேலேதான் தங்கும். உயரப் பலகையில் உட்கார்ந்தால், கால்கூட அடுப்புக் கல்லின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பீப்பாயில் ஒரே பலகை, அதுவும் தாழ்வு, கால் சில்லென்றிருக்கும். சதுரக் குடிசையில் அகலப் படிகள் வைக்கலாம். வாலிபர்கள் மேலே, வயதானவர்கள் சூடு குறைந்த கீழ்ப் படியில். குடிசையே முடிவாயிற்று.

மற்றவற்றையும் சொல்கிறேன். விறகு அடுப்பின் சூடு இதமானது; ஆனால் மூட்டவும் சாம்பல் அள்ளவும் ஆள் வேண்டும், புகை அண்டை வீட்டாருக்குத் தொல்லை. மின்சார அடுப்பு என்றால் ஒரு கன மீட்டர் இடத்துக்குச் சுமார் 1 கிலோவாட். அதைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும். மேலே ஈரத் துணி காயப்போடவே கூடாது; தீ விபத்துகள் அப்படித்தான் வருகின்றன. குழந்தைக்காக அடுப்பைச் சுற்றி மரத் தடுப்பு. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது. உட்காரும் பலகை பிசின் வடியாத மரமாக இருக்கட்டும். உறைபனியில் தரை மேலெழும்பும்; அதனால் ஜல்லி கொட்டி அதன் மேல் நிறுத்த வேண்டும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே வாழ்கிறவள் நான். கல்லைக் கண்டால் கேட்காமல் இருப்பேனா? சுண்ணாம்புக்கல் இதற்கு ஆகாது, சூட்டில் சிதைந்துவிடும். இறுகிய, கனமான கருங்கல் வகைதான் தாங்கும்.

கிழக்குப் பின்லாந்தில் 2,315 ஆண்களை இருபது வருஷம் கவனித்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடிக்கடி சவுனாவில் உட்கார்ந்தவர்களிடம் திடீர் மாரடைப்புச் சாவு குறைவாம். அதற்காக எல்லோரும் நுழைந்துவிடக் கூடாது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அடங்காதவர்கள் உட்காரக் கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. குடித்துவிட்டுப் போவது ஆபத்து. சம்பந்தியம்மாளும் டாக்டரிடம் கேட்ட பிறகே உட்கார்ந்தார். கீழ்ப் படியில், பத்தே நிமிஷம், பக்கத்தில் ஒருவர் துணையோடு.

ஊட்டி, கோடைக்கானலில் வீடு உள்ள சகோதரிகளுக்கு இந்த ஆசை வந்தால் ஒரு வார்த்தை: அங்கே பனியைவிட மழையும் ஈரமும்தான் எதிரி. தரையை உயர்த்திக் கூரையை முன்னே நீட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்துவைத்து உலர விடுங்கள். இல்லாவிட்டால் மரம் பூஞ்சணம் பிடிக்கும். எந்த ஊரானாலும், வீட்டில் மூத்தவர் யார், சிறியவர் யார் என்று பார்த்துவிட்டு, அப்புறம் விலையைக் கேளுங்கள்.