உப்புக் காற்றில் ஒரு பழைய வண்டி

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், கிண்ணியாவையும் மூதூரையும் கடந்து தெற்கே வருகிற பிரயாணிக்கு, வெருகலை அடைவதற்கு முன்னால், உல்லைக்கழி என்னும் களப்பு கடலோடு கலக்கின்ற இலங்கைத்துறை முகத்துவாரம் எதிர்ப்படும். துறைக்குத் துறை வாகனத்தை மிதவைப் பாதையில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, அடுத்த துறையில் மறுபடியும் காத்துக் கிடந்த காலத்தை இவ்வூர் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலமும் அதன்பின் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டதோடு அந்தக் கஷ்டம் நீங்கிற்று. வீதி செம்மையாயிற்று என்பது மெய்தான். ஆனால் வீதி முடிகிற இடத்தில் மணல் ஆரம்பமாகிறது, அந்த மணலுக்கு எந்த அரசாங்கமும் தார் போடுவதில்லை.

பின்சக்கரங்கள் மாத்திரம் சுழலும் வண்டி எதுவும் அம்மணலில் பத்து முழம் போகாமல் புதைந்துவிடும். கரைவலைத் தோணியை மீன் வாடியிலிருந்து நீரோரத்துக்கு இழுக்கவும், நனைந்து பாரமேறிய வலையைச் சுமக்கவும், மீன் பெட்டிகளையும் ஐஸையும் வீதிக்கும் கரைக்குமாகக் கொண்டு திரியவும் நான்கு சக்கரங்களும் ஒருங்கே உழைக்கும் வண்டியே வேண்டும். இப்போது பலரும் இவ்வேலைக்கு உழவு இயந்திரத்தை உபயோகிக்கிறார்கள். நான் போயிருந்த வாடியின் முதலாளியான சம்மாட்டியோ, தம் தகப்பனார் அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் ஏலத்தில் எடுத்த லாண்ட் ரோவர் ஜீப்பை விட்டுப் பிரிய மனமில்லாதவர். 1960களில் செய்யப்பட்ட அந்த வண்டி, கடல் கொந்தளிக்கும் வாடைக்காலம் முழுவதும் கிடுகுக் கொட்டிலில் முடங்கிக் கிடந்து, கரைவலைக் காலம் தொடங்குமுன் மாசி மாதத்தில் வருஷந்தோறும் வைத்தியத்துக்குப் போகும். அந்த வைத்தியத்தைப் பார்க்கவே நான் சென்றேன்.

இவ்வகை வண்டிகளின் வமிசம் இரண்டாம் உலக யுத்தத்தில் ஆரம்பமாகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கிய அந்தக் காலத்தில், வில்லிஸ், ஃபோர்ட் என்னும் இரு அமெரிக்கக் கம்பெனிகள் ஜீப் வண்டிகளை இலட்சக்கணக்கில் செய்து குவித்துக்கொண்டிருந்தன. யுத்தம் முடிந்த பிறகு, படை கழித்துவிட்ட அத்தகைய ஜீப் ஒன்றை வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் ஓட்டி வந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர், ரோவர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளராகவும் இருந்தபடியால், அதே போன்றதொன்றை நாமே செய்தால் என்னவென்று யோசித்தார். அந்த யோசனையின் பலன் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு. அதனால் வண்டியின் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் அமைத்தார்கள். தட்டுப்பாட்டினால் வந்த இந்த ஏற்பாடு, அவர்கள் நினைத்தும் பார்த்திராத இலங்கைத்துறைக் கடற்கரையில் பாதி வரமாகவும் பாதி சாபமாகவும் முடிந்திருக்கிறது என்பதைப் பிற்பாடு கண்டேன்.

கராச் வீதியோரத்தில், வேப்ப மரத்தின் கீழ் இருந்தது. மேலே தகரக் கூரை. கீழே, ஆள் இறங்கி நின்று வேலை செய்வதற்குச் சீமெந்து பூசிய பள்ளம். மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். சிறு வயதில் திருகோணமலை நகரத்துக் கராச் ஒன்றில் ஒயில் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, ஏட்டறிவு ஏதுமின்றி, கையாலும் காதாலும் தொழில் கற்றவர். 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் இப்பகுதி சனங்கள் எல்லாரும் வாகரைப் பக்கமாக ஓடியபோது, ஸ்பனர்களைக் கிறீசில் தோய்த்துச் சாக்கில் சுற்றி மண்ணில் புதைத்துவிட்டுப் போய், மீள்குடியேற்றத்தின் பின் வந்து தோண்டி எடுத்தாராம். வீட்டில் மிஞ்சியது எதுவுமில்லை. ஸ்பனர்கள் மாத்திரம் போட்டபடியே இருந்தன என்று சொல்லிவிட்டு, கிறீஸ் எப்பேர்ப்பட்ட பொருள் என்பதற்கு அதை அத்தாட்சியாகக் காட்டினாரேயன்றி, தம் துன்பத்தைப் பற்றி மேலே ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர் முதலிற் செய்த காரியம் எனக்கு விசித்திரமாக இருந்தது. எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, முடுக்கிக் கேட்கவுமில்லை. சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, வண்டி முழுவதையும் தாங்கி நிற்கும் இரும்புச் செசியை முன்னிருந்து பின்னாக அங்குல அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று ஒலித்த இடங்களை விட்டுவிட்டார். ஓசை அடங்கி மந்தமாகக் கேட்ட இடங்களில் சோக்கட்டியால் வட்டமிட்டார். நாற்பக்கமும் மூடிய பெட்டி போன்ற அந்த உத்தரங்களின் உட்புறத்தில் கடல்நீர் புகுந்து, நீர் வடிவதற்கென்று விட்ட துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ள, வெளியே பெயின்ற் பளபளவென்றிருக்கையிலேயே உள்ளே இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கும். ஆகையால் பார்த்து அறிய முடியாது, கேட்டே அறியவேண்டும்.

“ஐயா, ஓட்டத்தில தேய்ஞ்சு செத்த ஜீப்பை நான் இந்தக் கரையில கண்டதில்ல. எல்லாம் நிண்ட இடத்தில செத்ததுதான்,” என்றார்.

வட்டமிட்ட இடங்களை வெட்டி நீக்கி, புதுத் தகடு வைத்து, மின்வெல்டிங்கினால் ஒட்டினார்கள். தீப்பொறி பறக்குமுன் பற்றரியின் தொடுப்பைக் கழற்றிவிடும்படி உதவிக்கு நின்ற பையனுக்கு அவர் ஞாபகமூட்டியதை நான் கவனித்தேன். வெல்டிங் ஆறிய பிறகு, எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலை உத்தரங்களின் துவாரம் வழியாக உள்ளே ஊற்றி, வண்டியை முன்னும் பின்னும் சரித்து, உட்சுவர் எங்கும் படரச் செய்தார்கள். நிலத்தில் ஒயில் சிந்தாமல் தகரம் வைத்து ஏந்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மணல் அதைக் குடித்துவிட்டது, பக்கத்திலேயே கிணறு.

அலுமினியத்தைப் பற்றிச் சொன்னேனல்லவா? அது தனியே நிற்கையில் கடற்காற்றுக்கு அஞ்சுவதில்லை. இரும்போடு தொட்டு நிற்கையில், இடையே உப்புநீர் ஊறினால், இரண்டு உலோகங்களுக்குமிடையே மெல்லிய மின்னோட்டம் உண்டாகி, அலுமினியமே முதலிற் கரைகிறது. ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பைக் கொண்ட கடல்நீர் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். கதவின் அடியிலும் வாயிற்படித் தகட்டிலும் வெண்பொடி பூத்திருந்தது இதனால்தான். மெக்கானிக்குக் காரணம் இன்னதென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பரிகாரம் தெரிந்திருந்தது: பழைய சைக்கிள் ரியூப்பைக் கீற்றுக்கீற்றாக வெட்டி, இரும்பும் அலுமினியமும் சந்திக்கும் இடமெல்லாம் நடுவே வைத்து இறுக்கினார். உலோகங்கள் ஒன்றையொன்று தொடாதபோது சண்டையும் இல்லை. பௌதிக சாஸ்திரம் படித்த எனக்கு, அந்த ரப்பர்க் கீற்றைக் கண்டபோது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

பின் அக்சிலின் ஒயிலைத் திறந்து வடித்தபோது அது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தோணியை இழுப்பதற்காக வண்டியை அலைக்குள் பின்னுக்கு விடுவார்கள். ஓடிச் சூடேறிய அக்சில் திடீரென்று குளிர்ந்த நீரில் அமிழ்கையில் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீல்களின் வழியே கடல்நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நீரும் ஒயிலும் கலந்த அந்தக் குழம்பு பற்சக்கரங்களைக் காப்பதற்குப் பதிலாகத் தின்னும். ஓட்டுபவன் நீரோரத்தில் நிறுத்தி, ஒரு பீடி பற்றி முடிகிற அளவு நேரமாவது ஆறவிட்டுப் பின் இறங்குவானானால் இதிற் பாதி நேராது. ஆனால் வலை வளைத்து, மீன் மடியில் துள்ளுகிற நேரத்தில் எவன் ஆறவிடுவான்? முன்சக்கரங்கள் திரும்புவதற்கு ஆதாரமாக உள்ள குரோமியப் பூச்சு உருண்டைகளின் நிலைமை இன்னும் மோசம். உப்பு அந்தப் பூச்சில் அம்மைத் தழும்பு போட்டிருந்தது. அந்தத் தழும்பு சீலை அரத்தைப் போல் அராவ, ஊற்றிய ஒயில் நாலு நாளில் ஒழுகிவிடும். புது உருண்டைக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் விசாரித்து, விலையைக் கேட்ட சம்மாட்டி பேசாமல் இருந்துவிட்டார். ஒயிலுக்குப் பதிலாகக் கெட்டிக் கிறீசைத் திணித்து மூடினார்கள். இது உலகெங்கும் இவ்வண்டிக்காரர்கள் கையாளும் உபாயந்தான்.

நான்கு சக்கர இழுவையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கியர்த் தண்டின் அருகே மஞ்சட் குமிழ் உள்ள சிறு தண்டை அமுக்கினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். சிவப்புக் குமிழ்த் தண்டை இழுத்தால் வேகம் குறைந்து வலு பெருகும். இந்த வண்டியில் முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் இடையே விட்டுக்கொடுக்கும் பற்சக்கர அமைப்பு இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடவேண்டியிருக்க, மணலில் அந்த வித்தியாசம் சறுக்கலாகப் போய்விடும். தார் வீதியிலோ சறுக்க வழியின்றி, இரும்பிலேயே முறுக்காக ஏறி, ஒருநாள் அக்சிலை முறித்துவிடும். முறிந்த அக்சில் ஒன்றை மெக்கானிக் சுவரில் சாத்தி வைத்திருந்தார், ஓட்டுபவர்களுக்கு உபதேசம் செய்வதற்காக.

பேச்சினிடையே, குளிர் தேசங்களில் இதே போன்ற வண்டிகளின் முன்னால் அகன்ற இரும்புப் பலகையைப் பூட்டி வீதியிற் கிடக்கும் பனியைத் தள்ளுவார்கள் என்றும், கனடாவுக்குப் போன நம்மவர் சிலரும் மாரியில் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். அதில் அவருக்கு அவ்வளவு சுவாரசியமில்லை. பனிக்கட்டி உறையாதிருக்க வீதியெங்கும் உப்பைத் தூவுவார்கள், அந்த உப்பினால் அங்கேயும் செசி உக்குகிறது என்றதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“உப்பைக் காசு குடுத்து வாங்கியா றோட்டில கொட்டுறாங்க?”

“ஓம். லொறி லொறியாக.”

“அப்ப அங்க மெக்கானிக்மாருக்கு நல்ல காலந்தான்,” என்று சிரித்தார். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பையன் மட்டும் இதை நம்பவில்லை. நீர் உறையும் உஷ்ணநிலையை உப்புத் தாழ்த்துகிறது என்று நான் அவனுக்கு விளக்க முயன்றேன். உறைந்த நீரை ஐஸ் பெட்டியிலன்றி வேறெங்கும் கண்டிராத அவன் மரியாதைக்காகத் தலையை ஆட்டினான்.

உள்நாட்டு யுத்த காலத்து எரிபொருட் தடையைப் பற்றி மெக்கானிக்கைப் பேசவிட்டால் பொழுது போவதே தெரியாது. பெற்றோல் அகப்படாத அந்நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் பழைய கார்களையும் ஜீப்புகளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் ஒரு சிறு போத்தல் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேட்டரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எண்ணெய்க் குழாயைப் புகைக் குழாயோடு ஒட்டி வளைத்துச் சூடாக்குவது ஒரு யுக்தி; எஞ்சின் தலைக்கடியில் இன்னொரு கஸ்கெற்றை வைத்து அமுக்கத்தைக் குறைப்பது மற்றொன்று. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், ஒயிலை விரலிடையில் தேய்த்துப் பார்த்து மாற்றுகிற வழக்கமும் அப்போது வந்ததே. அந்தத் திறமையை வியக்காமலிருக்க முடியாது. அதைப் புகழ்ந்து பாட எனக்கு விருப்பமுமில்லை. ஒரு சனத்தை வருஷக்கணக்காக வதைத்த தடையின் குழந்தை அது. 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது பழைய யுக்திகளும் பலிக்கவில்லை. படகுக்காரருக்கே எண்ணெய் கிடைக்கவில்லை.

இத்தனை உழைப்புக்கும் அவர் வாங்குவது சொற்பம். ஒட்டிய தகட்டுக்கும் மாற்றிய சீலுக்கும் கணக்கெழுதலாம். பாகங்களைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, கிறீஸ் பூசிய மணித்தியாலங்களைக் கணக்கில் எப்படி எழுதுவது? வண்டி கடலைவிட்டு ஏறிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்புறத்தைக் கழுவினால் தம் வேலையில் அரைவாசி குறையும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார். சம்மாட்டியின் மறுமொழியும் நியாயமானதுதான்: ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசுகையில் கரையோரக் கிணறுகள் உவர்த்துவிடும், குடிக்கக் கிடைக்காத தண்ணீரை வண்டிக்கு ஊற்றினால் வாடியில் வேலை செய்பவர்கள் என்ன சொல்வார்கள்? இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை.

ஒரு விஷயத்தில் மாத்திரம் மெக்கானிக் சமாதானத்துக்கு இணங்கவில்லை. பிறேக் குழாய் ஒன்று துருப்பிடித்து மெலிந்திருந்தது. வெட்டி, பித்தளை ஒட்டு வைத்தால் போதுமென்றார் சம்மாட்டி. செவ்வாய்க்கிழமை முதல் வலை வளைக்க நாள் பார்த்திருந்தார். செசிக்கு ஒட்டுப் போட்டவர், அக்சிலுக்குக் கிறீஸ் திணித்தவர், கியர்ப்பெட்டியின் தேய்ந்த புஷ்ஷுக்கு மூதூரில் ஒரு நானாவின் லேத் பட்டடையில் வெண்கலத்தைக் கடைந்து வாங்கிப் பூட்டியவர், இங்கே கையைக் கட்டிக்கொண்டார்.

“மற்றதெல்லாம் பிழைச்சா ஜீப் நிக்கும், முதலாளி. இது பிழைச்சா நிக்காது.”

புதுக் குழாய் திங்கட்கிழமை கொழும்பு பஸ்ஸில் வரும் என்றார். வராவிட்டால் என்ன செய்வதென்று சம்மாட்டி கேட்டார். செவ்வாய்க்கிழமைக்கு உழவு இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கும்படி சொல்லிவிட்டு, அவர் வண்டியின் சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.