பெயர் ஊரில், ஆள் நிக்டியில்

மாலை ஆறு மணி. நிக்டியின் பக்தி-சக்தி சௌக்கில் சிவாஜியும் துகாராமும் சந்திக்கும் சிலைகளைச் சுற்றி இளைஞர் கூட்டம். அருகே 107 மீட்டர் உயரக் கொடிக்கம்பம். டீக்கடையில் தமிழ் கேட்கிறது. பேசுபவர் திருநெல்வேலிக்காரர், வயது 24, தலவடே ஐ.டி. பூங்காவில் வேலை. 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டாரா?

சிரிக்கிறார். “பேர் ஊர்ல இருக்கு சார். நான் இங்க இருக்கேன்.”

இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்பது பழைய புகார். வாக்களிக்கும் வயது 21லிருந்து 18ஆகக் குறைக்கப்பட்ட 1989லிருந்தே கேட்டுவருகிறோம். நிக்டியில் அது பாதிதான் செல்லுபடியாகும்.

இது வந்து சேர்ந்தவர்களின் ஊர். முன்பு பக்கத்து ஆகுர்டியின் பஜாஜ் ஸ்கூட்டர் ஆலை ஆட்களை இழுத்தது. 2007ல் அங்கே உற்பத்தி நின்றது. இப்போது ஐ.டி. நிறுவனங்களும் பொறியியல் கல்லூரிகளும் இழுக்கின்றன. வந்தவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் அவர்கள் கூடவே வருவதில்லை. 2024ல் தமிழகம் வாக்களித்தது ஏப்ரல் 19. நிக்டி அடங்கிய மாவல் தொகுதி வாக்களித்தது மே 13. சென்னைக்கே ரயிலில் ஏறக்குறைய 20 மணி நேரம். ஒரு ஓட்டுக்காக நாலு நாள் லீவு யார் தருவார்கள்? மாவலில் சுமார் 55 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். தேசிய அளவில் சுமார் 66. வராதவர்களில் இளைஞர் எத்தனை பேர் என்று இந்தக் கணக்கு சொல்லாது.

பெயர் இங்கேயே இருப்பவர்களின் கதை வேறு. பிராதிகரணில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி. 2018ல் 18 வயதானது. “தில்லிக்கு ரெண்டு தடவை ஓட்டுப் போட்டேன், மும்பைக்கு ரெண்டு தடவை. எங்க தெருக் குழாய்க்கு ஓட்டுப் போடத்தான் இத்தனை வருஷம் ஆச்சு, அங்கிள்” என்கிறார்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு 2017 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. 2022ல் பதவிக்காலம் முடிந்தது. இட ஒதுக்கீடு வழக்கில் தேர்தல் சிக்கிக்கொள்ள, அதிகாரியே நிர்வாகி ஆனார். உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் கண்டிப்புக் காட்டிய பிறகு, 2026 ஜனவரி 15 அன்றுதான் அடுத்த வாக்குப்பதிவு. ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் என்ற ஏற்பாடு வந்தது 2019 நவம்பரில். அதைக் கேட்க ஏறக்குறைய நாலு வருடம் ‘நகரசேவக்’ யாரும் இல்லை. குழாயடிக் கோபம்தான் அரசியலின் அரிச்சுவடி. அதைப் படிக்கும் வயதில் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்றால் எப்படி?

அந்தப் பெண் ஜனவரியில் வாக்களித்தார். ஒரு வார்டுக்கு நாலு உறுப்பினர் என்பதால் நாலு ஓட்டு. “மொத்தமா வட்டியோட குடுத்துட்டாங்க” என்று சிரிக்கிறார்.

திருநெல்வேலிக்காரருக்கு வழி இல்லாமல் இல்லை. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வாக்குரிமை என்கிறது சட்டம். படிவம் 8 கொடுத்தால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். விடுதியில் தங்கும் மாணவர்கள் வீட்டு முகவரி, விடுதி முகவரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியூரிலிருந்தே வாக்களிக்கும் இயந்திரத்தைக் காட்டத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. கட்சிகள் சந்தேகம் கிளப்பின, திட்டம் அப்படியே நின்றது.

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கிளாஸை வைத்துவிட்டு யோசித்தார்.

“அப்ப ஊர்ல பேர் போயிருமே, சார்?”

போய்விடும். இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அதை அலட்சியம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.