வாயுவும் பிராணவாயுவும்

நம் வீடுகளில் ஸ்திரீகளுக்கு நெஞ்சு வலி என்று ஒரு வியாதி கிடையாது. வருவதெல்லாம் வாயுதான். நேற்று ராத்திரி சாப்பிட்ட உருளைக்கிழங்குக் கறியின் மேலோ, முந்தாநாள் சாப்பிட்ட மொச்சைக்கொட்டையின் மேலோ பழியைப் போட்டு, ஒரு டம்ளர் சுக்கு வெந்நீரைக் குடித்துவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடுவோம். அதே இடத்தில் வீட்டு ஆண்பிள்ளைக்குச் சுருக்கென்றால் வாசலில் டாக்ஸி வந்து நிற்கும், ஈ.ஸி.ஜி. எடுப்பார்கள், ஊரிலிருந்து தங்கை அழுதுகொண்டே வந்து இறங்குவாள். இதில் ஆண்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. வாயு என்று முதலில் தீர்ப்புச் சொல்கிறவள் பெரும்பாலும் வலிக்குச் சொந்தக்காரியேதான்.

தென்காசியில் இருக்கும் என் அத்தையும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னாள்.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் உறவினர் பஞ்சமே வராது. போன வருஷச் சாரலுக்கும் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்களை அத்தை ஐந்தருவிக்கு அழைத்துப் போனாள். ஈரத்துணி மூட்டையோடு மேட்டில் ஏறும்போது மார்பில் அம்மிக்கல்லை வைத்தாற்போல் இருந்ததாம். உட்கார்ந்தாள், ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. சனிக்கிழமை மாடிக்குத் தண்ணீர்க்குடம் தூக்கினபோது மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்த வலி மட்டும் போகவில்லை. தாடைக்கு ஏறிற்று. வேர்த்துக் கொட்டிற்று. "சும்மா கிடலே, வாயுதாம்லே. வந்தவங்களுக்கு இட்லி ஊத்தணும்" என்று மகனை அதட்டியிருக்கிறாள்.

அத்தான் கேட்கவில்லை. தென்காசியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஈ.ஸி.ஜி. பார்த்து, ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் போட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அன்று பிற்பகலே குழாயைச் சரிப்படுத்தி ஸ்டென்ட் வைத்தாயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக் காபியைப் பற்றி நர்ஸிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். "அடைப்பு இருந்த இடத்துக்கு, இருதயத் தசை இன்னும் அதிகமாகச் சேதப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவு ஆகவில்லை. ரெண்டு நாளா வலி வந்து வந்து போனதே, அது இருதயத்தைக் கொஞ்சம் தயார்ப்படுத்தியிருக்கலாம்" என்றார்.

அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டியாட்டி? நான் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டதுதான் என்னைக் காப்பாத்தியிருக்கு!"

டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

அத்தை சொன்னதில் எத்தனை வீசம் உண்மை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சென்னைக்கு ரயில் ஏற மனசு வரவில்லை. பத்திரிகை ஆபீஸ் புத்தி. டாக்டரை ஓய்ந்த நேரத்தில் பிடித்துக் கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

முதலில் ஒன்று: அத்தை சொன்ன வாயுவில் ஒரு சொல்தான் குறை. கோளாறு பிராணவாயுவில். இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் லட்சம் தடவை துடிக்கிறது. அதற்கு வேண்டிய எரிபொருளுக்கு ஏ.டி.பி. என்று சுருக்கப் பெயர். அடினோஸின் டிரைபாஸ்பேட் என்பது முழுப் பெயர். அடினோஸின் என்ற பொருளில் மூன்று பாஸ்பேட்டுகள் கோத்திருக்கும். ஒன்று கழன்றால் சக்தி கிடைக்கும். மறுபடி கோப்பதற்குப் பிராணவாயு வேண்டும்.

இந்த ஏ.டி.பி.யை 1929-ல் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். காந்திஜியின் சொல்லைக் கேட்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார், ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டந்தான் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு வேலை செய்தபோது இது அகப்பட்டது. அதே வருஷம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் பெயரை நம் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறதென்று.

இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் பிராணவாயு நின்றுபோகிறது. கையிருப்பு ஏ.டி.பி. சில துடிப்புகளுக்குத்தான் காணும். பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் வெறும் அடினோஸின் மிஞ்சுகிறது. அரிசி தீர்ந்த டப்பாவைத் தட்டினால் 'டங்'கென்று ஒரு சத்தம் வருமல்லவா? வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தமே சேதி. அதுபோலத்தான் இந்த அடினோஸினும். அது இருதயத்தை நிதானப்படுத்துகிறது என்பதை அதே 1929-ல் கேம்பிரிட்ஜில் ட்ரூரி, செண்ட்-ஜ்யார்ஜி என்ற இருவர் கண்டு எழுதினார்கள்.

சேதி எப்படிப் போய்ச் சேருகிறது? ஒவ்வோர் உயிரணுவின் மேல்தோலிலும் புரதத்தாலான வாசல்கள் உண்டு. பாடப் புத்தகத்தில் ஏற்பி என்று எழுதியிருக்கும். வருகிறவர் உள்ளே போகமாட்டார், திண்ணையோடு நின்றுவிடுவார். சேதி மட்டும் வாய் மாறி வாய் மாறி அடுக்களை வரைக்கும் போகும். அட்ரினலின் என்ற விருந்தாளி வந்து தட்டினால், 'சீக்கிரம், சீக்கிரம்' என்று பொருள். அடினோஸின் தட்டினால், 'மெள்ள, சிக்கனமாய் இருங்கள். பஞ்சம் வருகிறது' என்று பொருள். இந்த வாசல்களின் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்ததற்காக லெஃப்கோவிட்ஸ், கோபில்கா என்ற இருவருக்கு 2012-ல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

குற்றாலத்தில் குளிப்பவர்களும் தெரியாமலே இப்படி ஒரு வாசலைத் தட்டுகிறார்கள். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டு மூச்சை அடக்கும்போது, மூளையிலிருந்து வரும் ஒரு நரம்பு அஸிடைல்கோலின் என்ற பொருளைச் சுரந்து இருதயத்தை மெதுவாக்குகிறது. வாசல் வேறு, உள்ளே போகும் வழி ஏறத்தாழ ஒன்று. ஆனால் உடம்பு முழுவதும் சில்லென்று நனையும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அருவிக்குக் கீழே போய் நிற்க வேண்டாம்.

இனி அத்தையின் வழக்குக்கு வருவோம். 1986-ல் அமெரிக்காவில் ட்யூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்பவர்கள் நாய்களின் இருதயக் குழாயை 40 நிமிஷம் அடைத்து, எவ்வளவு தசை செத்தது என்று பார்த்தார்கள். வேறு சில நாய்களுக்கு முதலில் ஐந்து நிமிஷம் அடைப்பு, ஐந்து நிமிஷம் திறப்பு என்று நான்கு முறை செய்துவிட்டு, அப்புறம் 40 நிமிஷம் அடைத்தார்கள். மொத்தத்தில் கஷ்டம் இவற்றுக்குத்தான் அதிகம். ஆனால் செத்த தசையோ ஏறத்தாழக் கால் பங்குதான்! சின்னப் பட்டினி, பெரிய பட்டினிக்குத் தயார்ப்படுத்தியிருந்தது.

தயார்ப்படுத்தியது யார்? 1991-ல் டவுனி என்பவரின் கூட்டத்தார் முயல்களில் அடினோஸின் வாசலை ஒரு மருந்தினால் முன்கூட்டியே அடைத்துவிட்டுப் பார்த்தார்கள், பாதுகாப்புப் போய்விட்டது. பட்டினியே போடாமல் அடினோஸினை மட்டும் கொடுத்தார்கள், பாதுகாப்பு வந்துவிட்டது. உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களுக்கும் இப்படி வாசல் உண்டென்று பின்னால் தெரிந்தது. இந்தப் பாதுகாப்பு ஓரிரண்டு மணி நேரம் இருக்கும், மறையும், அடுத்த நாள் சற்று இளைத்த உருவில் திரும்பி வந்து இரண்டு மூன்று நாள் தங்கும். வெள்ளி, சனி, ஞாயிறு: அத்தையின் கணக்கு ஒத்துத்தான் வருகிறது. வயதும் சர்க்கரை வியாதியும் இந்தத் தற்காப்பை மங்கவைக்கும். அத்தைக்கு வயதுதான் உண்டு, சர்க்கரை இல்லை.

'அப்படியானால் பொறுத்துக்கொண்டது நல்லதுதானே?' என்பீர்கள். மர்ரி குழுவினர் அதே கட்டுரையில் எழுதிய இன்னொன்றை அத்தைக்கு நான் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அடைப்பை 40 நிமிஷத்தில் எடுக்காமல் 3 மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். தயாராக்கின இருதயத்துக்கும் ஆக்காத இருதயத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாம் போயிற்று. வாசல் வழியாகப் போன சேதி கொஞ்சம் அவகாசந்தான் வாங்கிக் கொடுக்கும், குழாயைத் திறக்காது. அந்த அவகாசத்தில் முக்கால் மணி நேரம் இட்லி மாவில் போயிற்று என்று அத்தான் கணக்குச் சொன்னார். மீதியைக் காப்பாற்றியது அவர் அம்மாவின் பேச்சைக் கேட்காததுதான். மேலும், வெள்ளிக்கிழமை வந்த வலியே குழாய் முழுக்க அடைத்து வந்திருந்தால், தயாராவதற்கு இருதயத்துக்கு நேரம் ஏது?

பெண்களுக்கு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி வருவதில்லை என்பதையும் டாக்டர் சொன்னார். மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி, வேர்வை என்றும் வரலாம். வேலை செய்தால் வந்து உட்கார்ந்தால் போகிற கனத்துக்கு அன்றைக்கே ஈ.ஸி.ஜி. எடுக்க வேண்டும், உட்கார்ந்தும் போகாவிட்டால் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

இந்தப் பாதுகாப்பைச் செயற்கையாக வரவழைக்கும் முயற்சியும் நடந்தது. ஆபரேஷனுக்கு முன் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கி, தளர்த்தி, கைப் பட்டினியால் இருதயத்தைத் தயாராக்கலாமா என்று ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பெரிய அளவில் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று: பலன் இல்லை. நாயிடமும் முயலிடமும் பலித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படியே பலித்துவிடுவதில்லை.

அடினோஸின் வாசலில் இன்னொரு ஆசாமியும் வந்து உட்காருவான். நம் எல்லோருக்கும் வேண்டியவன். காபியில் இருக்கும் காஃபீன். ரயிலில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதுபோல வாசலை அடைத்துக்கொள்வான்; சேதி எதுவும் சொல்லமாட்டான். அடினோஸினும் உட்கார முடியாது. மூளையில் இப்படி நடப்பதால்தான் காலைத் தூக்கம் கலைகிறது. அடினோஸின் செலுத்தி இருதயத்தைப் பரிசோதிக்கும்போது முன்கூட்டியே காபியை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

இதைக் கேட்டதும் அத்தைக்கு வந்த கவலை, ஸ்டென்ட் வைத்தபோதுகூட வரவில்லை. டாக்டரிடம் தானே கேட்டாள். "தினம் ரெண்டு டம்ளர் குடிக்கலாம், தோஷமில்லை" என்றார் அவர்.

"டம்ளர் எம்புட்டுப் பெரிசுன்னு அவங்க சொல்லலைட்டி" என்று, அவர் போன பிறகு, அத்தை என் காதோடு சொன்னாள்.