பைக்குள் இருப்பது

ஈப்போவில் உள்ள ஒரு பேரங்காடியின் இரண்டாம் மாடியில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நிறம், ஓரங்களில் ஆரஞ்சு நிறக் கோடு. முன்பக்கத்தில் கேமரா நிறுவனம் ஒன்றின் பெயர் பெரிய எழுத்துகளில் தைக்கப்பட்டிருந்தது. விலை 380 ரிங்கிட்.

படிவம் நான்கில் பயிலும் அந்த மாணவி மூன்று வாரங்களாக அதைப் பார்த்துவிட்டுப் போகிறாள். தீபாவளி அன்பளிப்பும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணமும் சேர்ந்து அவளிடம் சரியாக 400 ரிங்கிட் இருந்தது. பள்ளிப் புகைப்படக் கழகத்தினர் விடுமுறையில் தாமான் நெகாராவுக்குச் செல்லவிருந்தனர். மாமா பயன்படுத்திவிட்டுத் தந்த கேமரா அவளிடம் இருந்தது. தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றைக் கழகம் இரவலாகக் கொடுத்திருந்தது. பை மட்டும்தான் இல்லை.

அன்று அவள் தாத்தாவையும் கடைக்கு அழைத்து வந்திருந்தாள். தாத்தா இளமையில் சுங்கை சிப்புட்டில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தவர். பையைப் பார்த்ததும் பாராட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

தாத்தா பையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அடிப்பகுதியை அழுத்திப் பார்த்தார். ஜிப்பை இரண்டு முறை திறந்து மூடினார். பிறகு, "இதில் என்ன வைக்கப் போகிறாய், அம்மா?" என்று கேட்டார்.

"கேமராதான் தாத்தா."

"அவ்வளவுதானா?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தாத்தாவும் விளக்கவில்லை. "வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்ப்போம். பை எங்கும் ஓடிவிடாது" என்றார். அவள் முகம் வாடியது. ஆயினும் மறுத்துப் பேசவில்லை.

வீட்டில் பாட்டியின் சமையலறைத் தராசு மேசைக்கு வந்தது. லென்ஸ் பொருத்திய கேமரா 800 கிராம். இரவல் லென்ஸ் 500 கிராம். மின்கலங்களும் மின்னேற்றியும் 200 கிராம். முக்காலித் தாங்கி 1.2 கிலோ. ஒரு லிட்டர் குடிநீர் 1 கிலோ. மழைச்சட்டையும் சிற்றுண்டியும் 500 கிராம். மொத்தம் 4.2 கிலோ.

"கடையில் பார்த்த அந்தப் பை வெறுமையாகவே ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும்" என்றார் தாத்தா.

அவள் கணக்கிட்டாள். ஆறு கிலோவைத் தாண்டியது. முதுகில் சுமக்கும் பை, சுமப்பவரின் உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்று உடற்கல்வி ஆசிரியர் கூறியது நினைவுக்கு வந்தது. அவளுடைய எடை 44 கிலோ. அப்படியானால் 6.6 கிலோதான் எல்லை. காட்டுப் பாதையில் மேடேறும்போது ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும்.

"சரி, எடை குறைந்த பையாகப் பார்க்கலாம் தாத்தா. ஆனால், அந்தப் பையில் மழையுறை கூட இருக்கிறதே!"

தாத்தா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து சென்று அலமாரியிலிருந்து பழைய யாஷிகா கேமரா ஒன்றை எடுத்து வந்தார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள் கொண்ட கேமரா அது. ஒரு படச்சுருளில் பன்னிரண்டு படங்கள்தாம் எடுக்க முடியும். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தபோது, உள்ளே சிலந்தி வலையைப் போல மெல்லிய வெண்ணிற இழைகள் தெரிந்தன.

"இது பூஞ்சை. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். பல நேரங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். ஈரமான பையில் வைத்து மூடிவிட்டால் கண்ணாடியிலும் பூஞ்சை படரும். ஆனால், நான் சொல்ல வந்தது இதுவன்று."

அவர் அந்தக் கேமராவைத் துடைத்தபடியே பேசத் தொடங்கினார்.

"1970களின் நடுவில் ஒரு தோட்டத்தில் திருமணம். படம் எடுக்க என்னை அனுப்பினார்கள். மூன்று சுருள், மொத்தம் முப்பத்தாறு படங்கள். திரும்பி வரும்போது நல்ல மழை. செம்மண் சாலை வழுக்கியது. கேமரா அப்போது என் பல மாதச் சம்பளத்துக்குச் சமம். அதனால் அதை மழைச்சட்டைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டேன். படம் எடுத்து முடித்த சுருள்களைத் துணிப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் மாட்டியிருந்தேன். ஒரு வளைவில் வண்டி சறுக்கியது. நான் கரையில் விழுந்தேன். பை வாய்க்காலில் விழுந்தது."

"கேமராவுக்கு என்ன ஆயிற்று தாத்தா?"

"கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோ, உன் கையில் இருக்கிறது. சுருள்கள் ஊறிப்போயின. சுற்றியிருந்த காகிதம் படத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால், அடுத்த ஆண்டே மணப்பெண்ணின் தகப்பனார் இறந்துவிட்டார். அவர் வாழ்நாளில் படம் எடுத்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான். பெண்ணின் தாயார் நிலையத்துக்கு வந்து, 'ஒரு படமாவது தேறாதா தம்பி?' என்று கேட்டார். நான் என்ன சொல்வது?"

அவர் சற்று நிறுத்தினார்.

"கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம், அம்மா. உழைத்தால் பணம் வரும். நான் வாங்க முடிகிற பொருளை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்; வாங்க முடியாததைத் துணிப்பையில் போட்டேன். அதனால்தான் கடையில், 'என்ன வைக்கப் போகிறாய்?' என்று கேட்டேன்."

அன்றிரவு அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். எத்தகைய பை அழகாக இருக்கும் என்பதை அவள் எழுதவில்லை. பயணத்தில் என்னென்ன நேரக்கூடும் என்பதையே எழுதினாள்: படகில் தண்ணீர் தெறிக்கலாம், மழை பெய்யலாம், பை கீழே விழலாம், கூட்டத்தில் திருட்டுப் போகலாம், ஈரம் உள்ளே தங்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விடை தேவைப்பட்டது.

மறுவாரம் இருவரும் வேறொரு கடைக்குச் சென்றனர். இம்முறை கேமராவையும் லென்ஸையும் கையோடு கொண்டு சென்றனர். "அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவோமா? பையும் அப்படித்தான்" என்றார் தாத்தா.

அவர்கள் பல பைகளைப் பார்த்தனர். தோளில் ஒருபுறமாக மாட்டும் பையிலிருந்து கேமராவை விரைவாக எடுக்க முடிந்தது. எனினும், நெடுநேரம் நடந்தால் ஒரே தோளில் பாரம் விழும். முன்புறம் திறக்கும் முதுகுப்பைகளில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால், அவற்றைத் திறக்க வேண்டுமானால் முதுகுப் பக்கத்தைத் தரையில் கிடத்த வேண்டும். காட்டில் சேறு முழுவதும் பட்டைகளில் ஒட்டும். பிறகு சட்டையிலும் ஒட்டும். மழையுறையோ மேலிருந்து விழும் மழையைத் தடுக்குமே தவிர, முதுகுப் பக்கத்தை மூடாது. "நீர் தாங்கும் பை வேறு, நீர் புகாத பை வேறு" என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

இறுதியில் அவள் முதுகுப்பையே வாங்கவில்லை. உள்ளே நுரைப்பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சிறிய பெட்டியை வாங்கினாள். அதன் தடுப்புகளை ஒட்டுப்பட்டையால் வேண்டிய இடத்தில் பொருத்திக்கொள்ளலாம். கேமராவும் இரவல் லென்ஸும் ஒன்றோடொன்று உரசாமல் அதில் அடங்கின. விலை 95 ரிங்கிட். அதை அவளிடம் ஏற்கெனவே இருந்த சாம்பல் நிற முதுகுப்பைக்குள் வைக்கலாம். அந்தப் பையைப் பார்த்தால் உள்ளே கேமரா இருப்பது யாருக்கும் தெரியாது. அத்துடன், படகோட்டிகள் பயன்படுத்தும் நீர் புகாத பை ஒன்றை 40 ரிங்கிட்டுக்கு வாங்கினாள். அதன் வாயை மூன்று முறை சுருட்டிக் கொக்கியை மாட்டினால் தண்ணீர் உள்ளே செல்லாது. உள்ளே காற்று இருந்தால் நீரில் விழுந்தாலும் மிதக்கும்.

மீதமிருந்த பணத்தில் இன்னொரு நினைவு அட்டையும் அட்டைகளை வைக்கும் சிறிய உறையும் வாங்கினாள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றையும் வாங்கினாள். அவற்றின் நீல மணிகள் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாக மாறும். எல்லாம் போகக் கையில் பணமும் மிஞ்சியது.

புறப்படும் நாளுக்கு முந்திய மாலை, தாத்தா ஐந்தடியில் அமர்ந்து, பெட்டியின் அடியில் வைக்கக் கூடுதலாக ஒரு நுரைப்பஞ்சை அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். அவள் புதிய நினைவு அட்டையைக் கேமராவில் இட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு படம் எடுத்தாள். தாத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொசு மருந்தைக் கேமராவோடு வைக்காதே. சில மருந்துகள் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்" என்று மட்டும் சொன்னார்.

தாமான் நெகாரா பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் மழைக்காடு. கோலா தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து ஆற்றுவழியே ஏறக்குறைய மூன்று மணி நேரம் பயணம் செய்தால் பூங்காவின் வாயிலான கோலா தாஹானை அடையலாம்.

குளிரூட்டப்பட்ட பேருந்திலிருந்து இறங்கியதும் நண்பர்கள் ஆவலோடு கேமராக்களை வெளியே எடுத்தனர். வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று பட்டவுடன் லென்ஸ்கள் மீது பனி படர்ந்தது. எங்கும் வெள்ளையாகவே தெரிந்தது. அவள் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் காத்திருந்தாள். உள்ளே இருந்த கேமரா மெல்ல மெல்ல வெளி வெப்பத்துக்குப் பழகிக்கொண்டது.

நீளமான மரப்படகில் அனைவரும் தாழ்வாக அமர்ந்திருந்தனர். பயணத்தின் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. படகின் அடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. அவளுக்கு முன்னால் இருந்த தோழி, கறுப்பும் ஆரஞ்சுமான தன் புதிய பைக்கு அவசரமாக மழையுறையைப் போட்டுக் காலடியில் வைத்தாள். அது, அவள் மூன்று வாரங்களாகக் கனவு கண்ட அதே பை. சற்று நேரத்தில் தோழி பையைத் தூக்கியபோது முதுகுப் பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. தோழியின் கண்கள் கலங்கின.

அவள் தன் நீர் புகாத பையின் வாயை மழைச்சட்டையின் மறைவில் திறந்தாள். உள்ளே இடம் இல்லை. தன் மாற்று உடையையும் ரொட்டிப் பொட்டலத்தையும் எடுத்து வெளியே வைத்தாள். அவை மழையில் நனைந்தன. "முதலில் அட்டைகளைக் கொடு. பிறகு கேமராவைக் கொடு" என்றாள். தோழியின் நினைவு அட்டைகள் சிறிய உறைக்குள் சென்றன. கேமரா ஒரு துண்டில் சுற்றப்பட்டு உள்ளே சென்றது. அவள் பையின் வாயை மூன்று முறை சுருட்டிக் கொக்கியை மாட்டினாள்.

அன்றிரவு அவள் ஈர உடையோடுதான் விடுதியை அடைந்தாள். பையைத் திறந்து பார்த்தபோது நீல மணிகளில் சில இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. இரண்டு கேமராக்களும் உலர்ந்தே இருந்தன.

மூன்று நாள்கள் கழித்து வீடு திரும்பியபோது தாத்தா வாயிலில் காத்திருந்தார். "பையைக் காய வைத்தாயா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. பெட்டியின் தடுப்புகளைக் கழற்றி, பையைக் கவிழ்த்துக் காற்றோட்டமாக வைத்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார்.

படங்களைக் கணினியில் ஒரு நகலும் வெளிநினைவகத்தில் ஒரு நகலும் எடுத்த பிறகு, அவள் அவற்றைத் தாத்தாவுக்குக் காட்டினாள். தொங்கு பாலம், மழையில் நனைந்த இலைகள், ஆற்றைக் கடக்கும் படகு, தோழியின் கலங்கிய கண்கள், பிறகு அவளே சிரிக்கும் காட்சி. தாத்தா ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் படவரிசை மறுபடியும் தொடக்கத்துக்குத் திரும்பியது.

முதல் படம் தோன்றியது. ஐந்தடியில் ஒரு முதியவர் தலை குனிந்து நுரைப்பஞ்சை வெட்டிக்கொண்டிருந்தார். மாலை வெயில் அவர் விரல்களின் மீது விழுந்திருந்தது.

தாத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பல்லாயிரம் பேரைப் படம் எடுத்தவர் அவர். ஆனால், அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இந்த அட்டையைப் பத்திரமாக வை" என்றார் தாத்தா.