ஆலும் புன்னையும் தாழையும்

சிறுவயதில் எனக்கு எதற்கும் உடனே பதில் வேண்டும். "நம்ம ஊருக்கு ஏன் தாத்தா ஆலந்தலைன்னு பேரு?" என்று கேட்டால், வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தாத்தா கை ஊசியை நிறுத்தாமல், "பேருக்குள்ளயே ஆலு நிக்குதுல்லா? மத்த ஊரு பேரையும் சொல்லிப் பாருல" என்பார்.

சொல்லிப் பார்த்தால் கரை முழுக்க மரமும் மண்ணும்தான். வடக்கே புன்னைக்காயல், தெற்கே மணப்பாடு, பெரியதாழை, கூட்டப்பனை. உவரியின் பேரில் உவர்ப்பு இருக்கிறது. இடிந்தகரை என்று சொல்லும்போதே அலை அரித்த கரை கண்ணுக்குத் தெரிகிறது. குலசேகரன்பட்டினமும் வீரபாண்டியன்பட்டினமும் பாண்டிய மன்னர்களின் பேரைச் சுமக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது பழையகாயல். காயல் என்றால் கழி. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்க, முத்துக்குப் பேர்போன கொற்கை உள்நாட்டு ஊராகிப்போனது. அதன்பின் செழித்த காயல் துறைமுகமும் தூர்ந்தது. வணிகம் புன்னைக்காயல் பக்கம் நகர, விட்டுப்போன ஊர் 'பழைய' காயல் ஆயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் தாமிரபரணி செய்த வேலையை அந்த ஒரு பேர் வைத்திருக்கிறது. 1544-இல் புனித சவேரியார் இந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதங்களிலும் எங்கள் ஊர்ப்பேர் இருக்கிறது என்று பின்னாளில் அறிந்தபோது, தாத்தாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல மாட்டோமா என்றிருந்தது.

கரைக்கு மட்டுமா பேர்? கடலுக்கடியில் உள்ள பாறைத்திட்டைப் பார் என்போம். முத்துச் சிப்பி விளைந்த பார் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. தூத்துக்குடிக் கடலில் தொளாயிரம் பார் பேர்பெற்றது. 1961-க்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலில் பாரைக் கண்டுபிடிக்க, கரையில் தெரியும் திருச்செந்தூர்க் கோபுரத்தையும் ஒரு பனைக்கூட்டத்தையும் நேர்க்கோட்டில் பிடித்து, "இந்தா, பாரு வந்தாச்சு" என்பார் தாத்தா. இன்று பிள்ளைகள் ஜி.பி.எஸ். பார்த்துப் போகிறார்கள். நல்லதுதான், உயிருக்குக் காவல். ஆனால் அந்தக் கருவியில் பார்கள் எண்களாக மட்டுமே இருக்கின்றன.

வீட்டில் கடல் கண்ட பெரியவர் இருந்தால் ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். எடுத்ததும் பாரின் பேரைச் சொல்லிவிட மாட்டார்கள். கச்சான் காற்று அடித்த நாளையும், பக்கத்து வல்லத்துக்காரர் தண்ணீர் கொடுத்த கதையையும் சொல்வார்கள். குறுக்கே பேசாதீர்கள். அந்தக் கதைக்கு நடுவில்தான் பேர் வந்து விழும்.